டைப் 1 சுகர்: சென்சாரையும் போனையும் ஒழுங்காக வேலை வாங்குவது எப்படி

இன்சுலின் சுரக்கும் செல்களை நம் உடம்பே அழித்துவிடுவதால் வருவது டைப் 1. வெளியிலிருந்து இன்சுலின் போட்டுத்தான் ஆக வேண்டும், மாத்திரை, கஷாயம், பாகற்காய் ஜூஸ் எதுவும் அந்த இடத்துக்கு வராது. இது ஏற்கெனவே தெரிந்தவர்களுக்காக, அதாவது தினமும் நாலைந்து ஊசி போட்டுக்கொண்டு வேலைக்கோ காலேஜுக்கோ போய்வருகிறவர்களுக்காகவும், டைப் 1 பிள்ளைகளை வளர்க்கும் அப்பா அம்மாக்களுக்காகவும் எழுதுகிறேன். நானும் டைப் 1தான். பெங்களூரில் அல்சூர் பக்கம் வீடு, எலக்ட்ரானிக் சிட்டியில் வேலை.

இங்கே எனக்குத் தெரிந்தவர்கள் பலரும் சென்சார் (தோலில் ஒட்டிக்கொண்டு நாள் முழுக்க சுகரை அளக்கும் சின்னக் கருவி) ஒட்டிய முதல் வாரத்தில் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள்: "போன்ல நம்பர் வருது, இப்ப என்ன செய்யணும்?" வாங்கும் முன்பே கேட்க வேண்டிய கேள்வி அது. நாள் முழுக்க நம்பர் வந்துகொண்டே இருக்கும். எந்த நம்பர் வந்தால் என்ன செய்வது என்று, தலை தெளிவாக இருக்கும்போதே டாக்டரோடு பேசி முடிவெடுத்து எழுதி வைக்காவிட்டால் ஒவ்வொரு நம்பரும் ஒரு பதற்றம்தான். அதனால் எந்த மாடல் நல்லது என்று இங்கே பேசப் போவதில்லை, கையில் இருப்பதை எப்படி அமைத்துக்கொண்டால் மனதுக்குப் பாரம் குறையும் என்பதைத்தான் சொல்லப் போகிறேன். இன்சுலின் டோஸ் கணக்கை மட்டும் யார் எழுதியதிலிருந்தும் எடுக்காதீர்கள், அது உங்கள் டாக்டர் உங்களுக்கென்று போட்டுத் தருவது.

சென்சார் ரத்தத்தை அளப்பதில்லை

தோலுக்கு அடியில் ஒரு மெல்லிய இழை உட்கார்ந்து, செல்களுக்கு இடையே உள்ள திரவத்தில் இருக்கும் குளுக்கோஸை அளக்கிறது. ரத்தத்தில் நடக்கும் மாற்றம் அந்தத் திரவத்துக்கு வந்து சேர 5 முதல் 15 நிமிடம் ஆகிறது. சுகர் நிலையாக இருக்கும்போது இந்தத் தாமதம் தெரியவே தெரியாது, வேகமாக ஏறும்போதும் இறங்கும்போதும்தான் தெரியும். சென்சார் 82 என்று காட்டும் (இங்கே சொல்லும் சுகர் நம்பரெல்லாம் மி.கி./டெ.லி.), கை நடுங்கும், விரல் குத்திப் பார்த்தால் 65 இருக்கும். லோவுக்கு, அதாவது சுகர் 70க்குக் கீழே இறங்கியதற்கு, குளுக்கோஸ் குடித்த பிறகு இதற்கு நேர் எதிர்: ரத்தத்தில் ஏறியிருக்கும், சென்சார் இன்னும் 60 என்றே காட்டிக்கொண்டிருக்கும், அதைப் பார்த்துப் பயந்து இன்னொரு டம்ளர் குடித்தால் கொஞ்ச நேரத்தில் 280இல் போய் நிற்கும்.

ஆகவே குளுக்கோமீட்டரைத் தூக்கிப் போடாதீர்கள். உடம்பு ஒன்று சொல்லி சென்சார் வேறு சொன்னால் விரல் குத்துங்கள். லோவுக்குச் சாப்பிட்ட 15 நிமிடம் கழித்து விரல் குத்துங்கள். புது சென்சார் போட்ட முதல் நாள் முழுக்கச் சந்தேகம் வரும்போதெல்லாம் குத்துங்கள், ஏனென்றால் முதல் 24 மணி நேரம் நம்பர் கொஞ்சம் தடுமாறும். குத்தும் முன் சோப்பு போட்டுக் கை கழுவித் துடைப்பது முக்கியம், மாம்பழம் நறுக்கிய விரலில் 300 வருவது சுகர் அல்ல, மாம்பழம். அப்புறம் இரண்டு கருவியும் ஒரே நம்பரைக் காட்ட வேண்டும் என்று எதிர்பார்க்காதீர்கள். நல்ல குளுக்கோமீட்டருக்கே 100க்கு மேல் 15 சதவீதம் வரை முன்பின் அனுமதி உண்டு. மீட்டரில் 150, சென்சாரில் 168 என்றால் இரண்டும் ஒத்துப்போகின்றன என்றுதான் அர்த்தம்.

மருந்தும் குழப்பும். அபாட் கம்பெனியின் லிப்ரே சென்சார் மாடல்கள் சிலவற்றில், ஒரு நாளைக்கு 500 மி.கி.க்கு மேல் வைட்டமின் சி எடுத்தால் நம்பர் பொய்யாக ஏறும், நாம் சாதாரணமாகச் சப்பிச் சாப்பிடும் மாத்திரை ஒன்றிலேயே 500 மி.கி. இருக்கிறது. வேறு சில சென்சார்களில் பாராசிட்டமால் இதே வேலையைச் செய்யும். உங்கள் சென்சாருக்கு எது ஆகாது என்று பெட்டிக்குள் இருக்கும் தாளில் போட்டிருப்பார்கள், ஒருமுறை படித்துவிடுங்கள்.

இன்னொன்று. ஊசி எதுவும் இல்லாமல் கையில் கட்டினாலே சுகர் காட்டும் என்று ஆன்லைனில் விற்கும் வாட்ச், மோதிரம் எதையும் நம்பி இன்சுலின் போடாதீர்கள். தோலைத் துளைக்காமல் தானாகவே சுகரை அளக்கும் வாட்ச் எதற்கும் மோதிரம் எதற்கும் அனுமதி கொடுக்கவில்லை என்று அமெரிக்காவில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் அனுமதி தரும் எஃப்.டி.ஏ. 2024 பிப்ரவரியில் வெளிப்படையாக எச்சரித்தது. சென்சாரிலிருந்து வரும் நம்பரை வாட்சில் காட்டுவது வேறு விஷயம், அது நல்ல வசதி. வாட்சே அளக்கிறது என்று சொன்னால் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஒட்டும் நாள்

லிப்ரேயை மேல் கையின் பின்பக்கம் ஒட்ட வேண்டும். மாடலைப் பொறுத்து 14 அல்லது 15 நாள் ஓடும், போட்டதும் 60 நிமிடம் காத்திருக்க வேண்டும். போன முறை இடது கை என்றால் இந்த முறை வலது. அன்றைக்கு எண்ணெய்க் குளியல் வேண்டாம், தேங்காய் எண்ணெய் பூசிய தோலில் பசை இரண்டு நாள்கூட நிற்காது. எண்ணெய் இல்லாமல் சோப்பு போட்டுக் குளித்து, ஈரம் போகத் துடைத்து, ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, அந்த ஸ்பிரிட் தானாகக் காயும் வரை பொறுத்து, அப்புறம் அழுத்துங்கள். அழுத்திய கையைச் சில விநாடி அப்படியே வைத்திருந்து எடுங்கள். தோள்பை வார் எங்கே உரசும், பஸ் கம்பியைப் பிடித்தால் எங்கே இடிக்கும், ரவிக்கைக் கை எங்கே முடியும் என்று முதலில் கண்ணாடியில் பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள். சென்சார் பாதியில் பிய்த்துக்கொண்டு வருவது பெரும்பாலும் கதவு நிலையிலும் பை வாரிலும்தான். மேலே ஒட்டும் பேட்ச் வாங்கினால் நடுவில் உள்ள ஓட்டையை மூடாமல் ஒட்டுங்கள்.

ஒட்டும் முன் பெட்டியில் உள்ள சீரியல் எண்ணைப் போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

போன்

பலர் தடுக்கி விழும் இடம் இதுதான்.

ஸ்கேன் செய்யும் சென்சார் என்றால் போனில் என்.எஃப்.சி. (பக்கத்தில் கொண்டுபோனாலே படிக்கும் வசதி) இருக்க வேண்டும். விலை குறைந்த பல போன்களில் அது கிடையாது. செட்டிங்ஸில் தேடிப் பார்த்து, இருந்தால் மட்டும் சென்சாரை வாங்குங்கள், இல்லையென்றால் தனி ரீடர் வாங்க வேண்டும். போனின் பின்புறம் எந்த இடத்தை சென்சார் மேல் வைத்தால் படிக்கிறது என்று ஒருமுறை கண்டுபிடித்துவிட்டால் சட்டைக்கு மேலேயே வைத்துப் பார்க்கலாம். இந்த வகை சென்சார் 8 மணி நேரத்தைத்தான் நினைவில் வைத்திருக்கும். இரவு 10 மணிக்கு ஸ்கேன் செய்து காலை 8க்கு மறுபடி செய்தால் இடையில் இரண்டு மணி நேரம் வெறுமையாகக் கிடக்கும். படுக்கும் கடைசி நிமிடத்தில் ஒன்று, கண் விழித்ததும் ஒன்று, இந்த இரண்டையும் விடாதீர்கள்.

இதில் முக்கியமாகப் புரிந்துகொள்ள வேண்டியது: வெறும் ஸ்கேன் வகை சென்சார் தானாகக் கூப்பிடாது. நீங்கள் தூங்கும்போது 50க்கு இறங்கினாலும் அது பாட்டுக்கு எழுதி வைத்துக்கொள்ளும், அவ்வளவுதான். புளூடூத் வழியாக நம்பரை அனுப்பிக்கொண்டே இருக்கும் வகைதான் அலாரம் அடிக்கும். இரவில் லோ ஆகிறவர்கள், லோ ஆவதே உடம்புக்குத் தெரியாதவர்கள், சின்னப் பிள்ளைகள் இவர்களுக்கெல்லாம் அலாரம் உள்ளதைத்தான் நான் சொல்வேன், வேறு எதில் மிச்சம் பிடித்தாலும் இதில் வேண்டாம். ஸ்கேன் சென்சார் மேல் தனியாக ஒரு டிரான்ஸ்மிட்டரை ஒட்டி, எக்ஸ்டிரிப் மாதிரி இலவச ஆப் மூலம் அலாரம் வரவைக்கிறவர்களும் இருக்கிறார்கள். அது சென்சார் கம்பெனி அங்கீகரித்த வழி அல்ல. செய்வதென்றால் டாக்டரிடம் சொல்லிவிட்டு, விரல் குத்தி ஒப்பிட்டுப் பார்த்துக்கொண்டே செய்யுங்கள்.

அலாரம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஆண்ட்ராய்டு போனில் பேட்டரியை மிச்சப்படுத்துகிறேன் என்று போனே அந்த ஆப்பை நடுராத்திரியில் நிறுத்திவிடும். செட்டிங்ஸில் அந்த ஆப்புக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை எடுத்துவிடுங்கள், ஆட்டோ ஸ்டார்ட் இருந்தால் அனுமதி கொடுங்கள், புளூடூத், லொகேஷன், நோட்டிஃபிகேஷன் எல்லாவற்றையும் அனுமதியுங்கள், 'தொந்தரவு செய்யாதே' போட்டிருந்தாலும் இதன் சத்தம் மட்டும் வரும்படி செய்யுங்கள். செய்து முடித்ததும் சோதித்துப் பாருங்கள்: போனை சைலண்டில் போட்டு, லோ அலாரத்தைத் தற்காலிகமாக இப்போதைய சுகருக்கு மேலே வைத்து, அடிக்கிறதா என்று காதால் கேளுங்கள். கேட்ட பிறகுதான் அதை நம்பித் தூங்க வேண்டும். அலாரம் ஓடும் போனில் சிஸ்டம் அப்டேட்டைத் தானாக விடாதீர்கள், புது வெர்ஷனில் ஆப் வேலை செய்கிறதா என்று பார்த்துவிட்டுப் போடுங்கள். புது போன் வாங்கினால் ஓடிக்கொண்டிருக்கும் சென்சார் முடிந்த பிறகு மாற்றுங்கள், பெரும்பாலும் பாதியில் இன்னொரு போன் அதை ஏற்றுக்கொள்ளாது.

எத்தனை அலாரம் வைப்பது? ஆரம்பத்தில் இரண்டு போதும். 70இல் ஒன்று. இன்னொன்று 250இல். 180இல் வைத்தால் இட்லி சாப்பிட்ட ஒவ்வொரு காலையும் அடிக்கும், மூன்றாம் நாள் எரிச்சலில் எல்லாவற்றையும் ஆஃப் செய்துவிடுவீர்கள், அப்போது 70உம் சேர்ந்து போய்விடும். 250 அடிப்பது குறைந்த பிறகு 220, அப்புறம் 200 என்று இறக்கிக்கொண்டு வாருங்கள்.

இரவு 2 மணிக்கு 58 என்று அடித்தால் எழுந்து பாருங்கள், சென்சார் இருக்கும் கை மேலேயே படுத்திருக்கிறீர்களா? அப்படி அமுக்கிக்கொண்டு படுத்தால் அந்த இடத்தில் திரவ ஓட்டம் குறைந்து பொய்யாக லோ காட்டும். புரண்டு படுத்தால் கொஞ்ச நேரத்தில் 110க்குத் திரும்பும். ஆனால் யூகிக்காதீர்கள், விரல் குத்திப் பாருங்கள், மீட்டர் தலைமாட்டிலேயே இருக்கட்டும். குத்த முடியாத நிலையில் இருந்தால் லோ என்றே எடுத்துக்கொண்டு குளுக்கோஸ் சாப்பிடுங்கள், பொய் லோவுக்குச் சாப்பிட்டதால் சுகர் கொஞ்சம் ஏறும், அவ்வளவுதான்.

நம்பருக்குப் பக்கத்தில் உள்ள அம்பு

118 நல்ல நம்பரா என்று கேட்டால், அம்பு எந்தப் பக்கம் என்று நான் திருப்பிக் கேட்பேன். லிப்ரேயில் படுத்த அம்பு என்றால் நிமிடத்துக்கு 1க்கும் குறைவாகத்தான் மாறுகிறது. சாய்ந்த அம்பு நிமிடத்துக்கு 1 முதல் 2. நேராகக் கீழே பார்த்தால் 2க்கும் மேல். அதாவது 118உம் கீழ் அம்பும் சேர்ந்து வந்தால், இப்படியே போனால் இன்னும் 20 நிமிடத்தில் 78க்கும் கீழே இருப்பீர்கள். சாயங்காலம் ஆபீஸிலிருந்து கிளம்பி வண்டியை எடுக்கும்போது அது வந்தால், சில்க் போர்டு நெரிசலின் நட்டநடுவில் லோ. நான் வண்டிச் சாவியைப் போடும் முன் பார்ப்பேன்: 90க்குக் கீழே இருந்தாலோ, கீழ் அம்பு இருந்தாலோ கிளம்புவதில்லை, ஏதாவது சாப்பிட்டு, அம்பு படுத்த பிறகுதான். வண்டியில் போகும்போது லோ அலாரம் அடித்தால் ஓரம் கட்டுங்கள், சிக்னல் தாண்டட்டும் என்று நினைக்காதீர்கள். குளுக்கோஸ் சட்டைப் பையில் இருக்க வேண்டும், சீட்டுக்கு அடியில் அல்ல.

லோ என்றால் 15 கிராம் வேகமான சர்க்கரை, பெரியவர்களுக்கு மூன்று டீஸ்பூன் குளுக்கோஸ் பவுடர் தண்ணீரில் கலந்து, 15 நிமிடம் பொறுத்து மறுபடி சோதனை. சின்னப் பிள்ளைகளுக்கு அளவு குறைவு, டாக்டரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சாக்லேட், பிஸ்கட், முறுக்கு இதெல்லாம் லோவுக்கு வேலைக்கு ஆகாது, கொழுப்பு இருப்பதால் மெதுவாகத்தான் ஏறும்.

மேலே பார்க்கும் அம்பில் வேறு மாதிரி ஆபத்து. சாப்பாட்டுக்குப் போட்ட வேகமான இன்சுலின் 3 முதல் 5 மணி நேரம் உடம்பில் வேலை செய்யும். ஒரு மணி நேரம் கழித்து 240 என்று பார்த்ததும் ஒரு ஊசி, அரை மணி கழித்து 250 என்று இன்னொரு ஊசி என்று போட்டால் மூன்றும் ஒன்று சேர்ந்து இறக்கும்போது தாங்க முடியாது. முன்பெல்லாம் அடிக்கடி விரல் குத்த மாட்டோம் என்பதால் இந்தத் தவறுக்கு வாய்ப்புக் குறைவு, இப்போது நொடிக்கு நொடி பார்க்க முடிவதால் கை துறுதுறுக்கிறது. திருத்த டோஸுக்கு இடையே எத்தனை மணி நேரம் விட வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு, கடைசியாகப் போட்ட நேரத்தை எழுதி வைத்து, அதற்கு முன் போடுவதில்லை என்று கட்டுப்பாடாக இருங்கள்.

எழுதி வைப்பதற்குப் பெரிய ஆப் எதுவும் வேண்டாம். வாட்ஸ்அப்பில் நமக்கு நாமே மெசேஜ் அனுப்பிக்கொள்ளலாம், தட்டைப் படம் எடுத்து "போலஸ் 6" (சாப்பாட்டுக்குப் போட்ட இன்சுலின் 6 யூனிட்) என்று கீழே போட்டால் நேரத்தோடு பதிந்துவிடும். இரவு போடும் லாங் ஆக்டிங் (பேசல்) ஊசிக்குப் போனில் அலாரம் வைத்து, போட்ட கையோடு "பேசல் போட்டாச்சு" என்று அனுப்பிவிடுங்கள். போட்டேனா இல்லையா என்ற சந்தேகத்தில் இரண்டாவது தடவை போட்டுவிடுவது மிகவும் ஆபத்து, அதை இந்த ஒரு வரி தடுக்கும்.

தர்ஷினியில் சாப்பிடுவது

இங்கே தர்ஷினி என்கிற, நின்றுகொண்டே சாப்பிடும் சின்ன ஹோட்டல்களில் சாம்பாரில் வெல்லம் போடுவார்கள். நம் வீட்டு சாம்பாரை மனதில் வைத்துக்கொண்டு இட்லிக்கு மட்டும் கணக்குப் போட்டு ஊசி போட்டால், சாம்பாரில் இட்லியை முக்கிச் சாப்பிட்ட அன்றைக்கு சென்சார் வேறு கதை சொல்லும். இதைத் தெரிந்துகொள்ள ஒரு வழி: ஒரே கடை, ஒரே இரண்டு இட்லி, ஒரே டோஸ், ஒரு நாள் சாம்பாரோடு, இன்னொரு நாள் சட்னியோடு மட்டும். இரண்டு கோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றினால்தான் எதனால் ஏறியது என்று தெரியும், சாம்பாரையும் மாற்றி டோஸையும் மாற்றினால் எதுவும் புரியாது.

ஊசி போடும் நேரம்கூடக் கடையைப் பொறுத்து மாறும். வேகமான இன்சுலினைச் சாப்பாட்டுக்கு 10 முதல் 20 நிமிடம் முன் போடச் சொல்வார்கள். வீட்டில் அது சரி. தர்ஷினியில் காசு கொடுத்து டோக்கன் வாங்கினால் இரண்டு நிமிடத்தில் தட்டு வந்துவிடும், கடைக்கு நடந்து போகும் முன்பே போடலாம். உட்கார்ந்து சாப்பிடும் ஹோட்டலில், அதுவும் ஞாயிற்றுக்கிழமை மதியத்தில், ஆர்டர் கொடுத்ததும் போட்டால் சாப்பாடு வருவதற்குள் லோ வந்துவிடும். அங்கே தட்டு மேஜைக்கு வந்த பிறகுதான். சுகர் 90க்குக் கீழே இருந்தால் எங்கேயுமே முன்னால் போட்டுவிட்டுக் காத்திருக்க வேண்டாம்.

வெந்த வெள்ளைச் சோறு 100 கிராமில் ஏறத்தாழ 28 கிராம் கார்ப் (மாவுச்சத்து) இருக்கும். சமையலறைத் தராசு ஒன்று வாங்கி, உங்கள் வீட்டுக் கரண்டியில் எத்தனை கிராம் சோறு பிடிக்கிறது என்று ஒருமுறை அளந்துவிட்டால் அப்புறம் கரண்டிக் கணக்கு போதும். வெண்ணெய் தோசை, பிரியாணி, பரோட்டா இவையெல்லாம் கொழுப்பால் தாமதமாக ஏறும்: ஒன்றரை மணி நேரத்தில் 140 என்று பார்த்துச் சந்தோஷப்பட்டுப் படுத்தால் நள்ளிரவில் 260 இருக்கும். உங்களுக்கு எத்தனை மணிக்கு ஏறுகிறது என்பது சென்சார் கோட்டில் தெரியும், அந்தப் படத்தை டாக்டரிடம் காட்டி டோஸைப் பிரித்துப் போடுவது பற்றிப் பேசுங்கள்.

நடை, ஜிம்

லால்பாகில் வேக நடை போனால் சுகர் இறங்கும், ஜிம்மில் பளு தூக்கினால் சிலருக்குத் தற்காலிகமாக ஏறவும் செய்யும். ஆரம்பிக்கும்போது 126க்கும் 180க்கும் இடையில் இருந்தால் நல்லது, 90க்குக் கீழே என்றால் சாப்பிட்டுவிட்டு. கையில் கட்டும் சாதாரண வாட்ச் உதவுவது இங்கேதான்: அது சுகரை அளக்காது, ஆனால் எத்தனை அடி நடந்தோம், இதயத் துடிப்பு எவ்வளவு போனது என்று காட்டும். ஞாயிறு இரவு மட்டும் ஏன் லோ ஆகிறது என்று புரியாமல் இருந்தால் அன்றைய அடிக்கணக்கைப் பாருங்கள், பதில் அங்கே இருக்கலாம். உடற்பயிற்சியின் விளைவு பல மணி நேரம் கழித்துத் தூக்கத்தில் வரும். அதிகம் நடந்த நாளில் லோ அலாரத்தை 80க்கு ஏற்றிவிட்டுப் படுங்கள்.

ஊரில் இருக்கும் அம்மா

சென்சார் நம்பரை வேறொருவர் போனிலும் காட்ட முடியும், லிப்ரேக்கு லிப்ரேலிங்க்அப் என்று தனி ஆப்பே இருக்கிறது. பெங்களூரில் தனியாக ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் பிள்ளையின் சுகரை தர்மபுரியிலோ திருப்பத்தூரிலோ இருக்கும் அம்மா பார்க்கலாம். பெரிய நிம்மதி அது. ஆனால் விதி பேசாமல் கொடுத்தால் பெரிய சண்டையும் வரும். மீட்டிங்கில் இருக்கும்போது "190 ஆகிடுச்சே, என்ன சாப்பிட்ட?" என்று போன் வந்தால் பிள்ளை ஒரு வாரத்தில் ஷேரிங்கை நிறுத்திவிடும், அப்புறம் உண்மையான லோவில் யாருக்கும் தெரியாது. எங்கள் வீட்டில் நாங்கள் பேசி வைத்தது இது: ஹை நம்பருக்கு அம்மா கூப்பிடவே மாட்டார். 70க்குக் கீழே போய் 15 நிமிடத்தில் ஏறவில்லை என்றால் மட்டும் கூப்பிடுவார். நான் எடுக்காவிட்டால் பக்கத்து வீட்டு அக்காவுக்குப் போன் போகும், அவர்களிடம் என் வீட்டுச் சாவி ஒன்று இருக்கிறது. ஊரில் இருப்பவரால் கதவைத் திறக்க முடியாது, அதனால் இங்கே ஒருவர் கட்டாயம் வேண்டும்.

அந்த ஒருவருக்குச் சொல்லித் தர வேண்டியது: நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108க்குக் கூப்பிட வேண்டும். குளுககான் ஊசி (கடுமையான லோவில் சுகரை ஏற்றப் போடுவது) வைத்துக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள், கிடைத்தால் போடும் முறையை அவருக்கும் காட்டித் தாருங்கள். போனின் பூட்டுத் திரையில் அவசரத் தகவல் என்று ஒரு இடம் இருக்கும், அதில் டைப் 1, இன்சுலின் போடுகிறவர், யாரைக் கூப்பிட வேண்டும் என்று போடுங்கள். ஆங்கிலத்தோடு கன்னடத்திலும் ஒரு வரி போட்டு வையுங்கள், வழியில் உதவிக்கு வருகிறவர் பெரும்பாலும் கன்னடம் படிக்கிறவராகத்தான் இருப்பார்.

பள்ளிக்குப் போகும் பிள்ளைகளுக்கு: சி.பி.எஸ்.இ. தேர்வு அறைக்குத் தின்பண்டம் எடுத்துப் போக டைப் 1 மாணவர்களுக்கு 2017இலேயே அனுமதி தந்துவிட்டது. சென்சாரும் இன்சுலின் பம்பும் அணிந்து தேர்வு எழுதலாம், சுகரைப் பார்க்கத் தேவையான போனைக் கண்காணிப்பாளரிடம் கொடுத்து வைக்கலாம் என்று தேசிய குழந்தைகள் உரிமைப் பாதுகாப்பு ஆணையம் 2023இல் மாநிலங்களுக்கு எழுதியது. பள்ளியில் மறுத்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள். தேர்வு வாரத்தில் அல்ல, ஜூன் மாதமே டாக்டர் கடிதத்தோடு போய்ப் பேசிவிடுங்கள்.

சென்சாருக்குத் தெரியாதது

இன்சுலின் போதாதபோது உடம்பு கொழுப்பை எரிப்பதால் சேரும் அமிலம்தான் கீட்டோன், அதை இந்த சென்சார் காட்டாது. சுகர் 250க்கு மேல் இறங்காமல் நின்றால், அல்லது காய்ச்சல், வாந்தி இருந்தால் கீட்டோன் பாருங்கள். சிறுநீர் ஸ்ட்ரிப் விலை குறைவு, ரத்தத்தில் பார்க்கும் மீட்டர் இன்னும் தெளிவு: அதில் 0.6க்குக் கீழே சரி, 1.5ஐத் தாண்டினால் உடனே டாக்டருக்குப் போன், 3 என்றால் நேரே எமர்ஜென்சி. வாந்தி நிற்கவில்லை என்றால் நம்பருக்குக் காத்திருக்க வேண்டாம். சாப்பிடவில்லை என்பதற்காக லாங் ஆக்டிங் இன்சுலினை ஒருபோதும் நிறுத்தாதீர்கள், டைப் 1இல் உயிரையே எடுக்கும் விஷயம் அது.

14 நாள் படம்

ஆப்பில் ரிப்போர்ட் என்று ஒன்று இருக்கும். 14 நாளையும் ஒரே 24 மணி நேரமாக அடுக்கிக் காட்டும். நடுவில் ஓடும் கோடு உங்கள் வழக்கமான நாள், சுற்றி இருக்கும் பட்டை எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்பது. அதோடு டைம் இன் ரேஞ்ச் வரும்: 70க்கும் 180க்கும் இடையில் எத்தனை சதவீத நேரம். 2019இல் உலக அளவில் நிபுணர்கள் ஒத்துக்கொண்ட இலக்கு, பெரும்பாலானவர்களுக்கு 70 சதவீதத்துக்கு மேல், 70க்குக் கீழே இருப்பது 4 சதவீதத்துக்குள், 54க்குக் கீழே 1 சதவீதத்துக்குள். கர்ப்பிணிகளுக்கும் வயதானவர்களுக்கும் இலக்கு வேறு. இப்போது 45 இருக்கிறது என்றால் 70ஐப் பார்த்து மலைக்க வேண்டாம், 50 ஆனாலே ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடுதலாக நல்ல சுகரில் இருக்கிறீர்கள்.

படிக்கும்போது முதலில் லோவைப் பாருங்கள், எந்த நேரத்தில் பட்டை 70ஐத் தொடுகிறது? அதைச் சரி செய்த பிறகுதான் ஹை. காலை உணவுக்குப் பின் ஏறுகிறது என்றால் அந்த ஒரு வேளையை மட்டும் எடுத்துக்கொண்டு இரண்டு வாரம் வேலை செய்யுங்கள். டாக்டரிடம் போகும் முன் இந்த ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டு, கூடவே ஒரே ஒரு கேள்வியை எழுதிக்கொண்டு போங்கள், "விடியற்காலை 4 மணியிலிருந்து ஏறுது, பேசலை மாத்தணுமா?" என்கிற மாதிரி. கூட்டம் நிறைந்த ஓ.பி.யில் கிடைக்கும் சில நிமிடத்தில் இதற்குத்தான் தெளிவான பதில் கிடைக்கும்.

செலவு

ஒரு சென்சாருக்குச் சில ஆயிரம் ரூபாய், மாதம் இரண்டு வேண்டும், எல்லோராலும் முடியாது. முடியாதவர்கள் தங்களைக் குறைவாக நினைக்க வேண்டிய அவசியமே இல்லை, மீட்டரும் நோட்டும் வைத்துக்கொண்டு அருமையாகப் பார்த்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒரு சென்சார்தான் வாங்க முடியும் என்றால், டாக்டரைப் பார்ப்பதற்கு முந்தைய 14 நாளுக்குப் போடுங்கள், அல்லது டோஸ் மாற்றிய உடனே, ஷிப்ட் மாறும்போது. அந்த 14 நாளில் நாள் தவறாமல் சாப்பாட்டுப் படமும் டோஸும் பதிந்தால், அடுத்து சென்சார் இல்லாத வாரங்களில் எந்த நேரத்தில் விரல் குத்துவது பயனுள்ளது என்று தெரிந்துவிடும்.

இப்போது அந்த எண். சென்சார் நாள் முடியும் முன்பே நின்றுவிட்டாலோ கழன்று விழுந்தாலோ கம்பெனியின் வாடிக்கையாளர் சேவைக்குக் கூப்பிடுங்கள், சீரியல் எண், போட்ட தேதி, என்ன ஆயிற்று, ஆப் காட்டிய எர்ரர் படம் இவற்றைக் கேட்பார்கள். சென்சாரிலேயே கோளாறு என்றால் பெரும்பாலும் மாற்றித் தருவார்கள். அவர்கள் கேட்டு முடிக்கும் வரை கழற்றிய சென்சாரைத் தூக்கி எறியாதீர்கள். பிறகு, பயன்படுத்திய ஊசிகளைப் போடும் கெட்டியான மூடி டப்பாவிலேயே அதையும் போட்டு, டப்பா நிறைந்ததும் ஆஸ்பத்திரியிலோ லேப்பிலோ கொடுத்துவிடுங்கள்.